வேதியியல் படித்த பயிற்சியாளர்

அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தை டிவியில் பார்த்திருக்கிறீர்களா? ஓர் அணிக்கு 11 பேர். மைதானத்தின் நீளம் 100 கெஜம், அதாவது ஏறக்குறைய 91 மீட்டர். பந்து உருண்டையாக இருக்காது. இரு முனையும் கூர்மையான நீள்கோளம். அதைக் கையில் இடுக்கிக்கொண்டு எதிரணியின் எல்லைக்குள் நுழைய வேண்டும். எதிரணியினர் மோதுவார்கள், மடக்குவார்கள், கீழே தள்ளுவார்கள்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு இந்த ஆட்டம் இன்னும் முரட்டுத்தனமாக இருந்தது. 1905-ஆம் ஆண்டில் பல இளைஞர்கள் அடிபட்டு உயிரிழந்தார்கள். அப்போதைய அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அந்த ஆண்டு கல்லூரிப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கே அழைத்துப் பேசினார். 1906-இல் ஒரு புதிய விதி வந்தது: பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதோடு, முன்னால் நிற்கும் தோழரிடம் எறியவும் செய்யலாம். செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழக அணி அந்த ஆண்டே எறிந்து பார்த்தது. ஆனால் பெரிய அணிகள் பல, பழைய தள்ளுமுள்ளையே நம்பின.

அந்த எண்ணத்தை மாற்றியவர்களில் ஒருவர்தான் நம் கதாநாயகர் நூட் ராக்னி.

தபால் நிலையத்திலிருந்து ஆய்வகத்துக்கு

ராக்னி 1888-இல் நார்வே நாட்டின் வோஸ் என்ற ஊரில் பிறந்தார். ஐந்து வயதில் குடும்பத்தோடு அமெரிக்காவின் சிகாகோ நகருக்கு வந்தார். பள்ளிப் படிப்புக்குப் பிறகு கல்லூரிக்குப் போகப் பணமில்லை. சிகாகோ தபால் நிலையத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்துக் காசு சேர்த்தார். 1910-இல், 22 வயதில், இந்தியானா மாநிலத்தின் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். உடன் படித்தவர்கள் பலர் அவரைவிடச் சிறியவர்கள்.

அங்கே ஜூலியஸ் நியூலண்ட் என்ற பாதிரியார் வேதியியல் கற்பித்தார். அசிட்டிலீன் வாயுவை ஆராய்வதில் வல்லவர். ராக்னி அவருடைய ஆய்வகத்தில் உதவியாளர் ஆனார். பகலில் சோதனைக்குழாய், மாலையில் மைதானம். 1914-இல் பட்டம் பெற்ற பிறகும் அதே பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்பித்துக்கொண்டே துணைப் பயிற்சியாளராகவும் இருந்தார்.

ஏரிக்கரையில் ஒரு கோடை

1913 கோடை விடுமுறையில் ராக்னியும் நண்பர் கஸ் டோரேயும் ஈரி ஏரிக்கரையில் உள்ள சீடர் பாயின்ட் என்ற உல்லாசத் தலத்தில் வேலைக்குப் போனார்கள். கையோடு ஒரு பந்தையும் எடுத்துப் போனார்கள். வேலை முடிந்ததும் மணலில் பயிற்சி. டோரே எறிவார், ராக்னி ஓடிக்கொண்டே பிடிப்பார். தூரம், வேகம், திசை எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள்.

அந்த நவம்பர் 1-ஆம் தேதி வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியின் வலுவான அணியை எதிர்கொண்டார்கள். டோரே எறிய எறிய ராக்னியும் மற்றவர்களும் பாய்ந்து பிடித்தார்கள். நோட்டர் டேம் 35, ராணுவக் கல்லூரி 13! பத்திரிகைகள் வியந்தன. எறிந்து ஆடுவதும் வெற்றி தரும் என்பதை நாடே கவனித்தது.

பந்து ஏன் சுழல வேண்டும்?

நன்றாக எறியும் வீரர் பந்தை விடும்போது விரல்களால் ஒரு சுழற்சி கொடுப்பார். இன்றைய வீரர் எறியும் பந்து வினாடிக்கு ஏறக்குறைய 10 முறை சுழலும். சுழலாத பந்து காற்றில் தலைகுப்புறப் புரளும். அதன் அகன்ற பக்கம் காற்றை எதிர்க்கும்போது காற்றுத் தடை கூடும், தூரம் குறையும். கூர்மையான முனை முன்னால் இருந்தால் தடை குறைவு.

சுழலும் பொருளுக்குக் கோண உந்தம் உண்டு. அதன் அச்சை அசைப்பது எளிதல்ல. அப்படியானால் முனையை மேலே தூக்கி எறிந்த பந்து, தரையிறங்கும்போதும் முனை மேலே இருக்கும்படிதானே வர வேண்டும்? ஆனால் பாருங்கள், நல்ல எறிதலில் பந்து ஏறும்போது முனை மேலே, இறங்கும்போது முனை கீழே!

இந்தப் புதிருக்கு இயற்பியலாளர்கள் 2020-இல்கூடக் கட்டுரை எழுதினார்கள். விடைக்குப் பம்பரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சாய்ந்து சுழலும் பம்பரத்தைப் புவியீர்ப்பு கீழே தள்ளப் பார்க்கிறது. அது விழுவதில்லை, அதன் தலை பக்கவாட்டில் வட்டமிடுகிறது. பறக்கும் பந்தைப் புரட்டப் பார்ப்பது காற்று. பந்தும் புரளாமல், தான் போகும் திசையைச் சுற்றி முனையால் சிறு வட்டம் போடுகிறது. போகும் திசை வளைந்து கீழே திரும்பத் திரும்ப, அந்த வட்டமும் கூடவே திரும்புகிறது. அதனால் முனையும் கீழே வருகிறது.

பிடிப்பதற்கும் கணக்கு உண்டு

400 கிராம் பந்து வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கையை விறைப்பாக வைத்து அதை 0.01 வினாடியில் நிறுத்தினால் கையில் விழும் சராசரி விசை 800 நியூட்டன். 80 கிலோ எடையைத் தாங்குவது போன்றது! கையைத் தளர்த்தி, பந்தோடு சேர்த்துப் பின்னுக்கு இழுத்து 0.04 வினாடியில் நிறுத்தினால் விசை 200 நியூட்டன்தான். நேரம் நான்கு மடங்கானால் விசை நான்கில் ஒரு பங்காகிறது. பந்தை மார்போடு அணைத்துப் பிடிக்காமல், தளர்ந்த கைகளால் ஓட்டத்திலேயே வாங்கும் பழக்கத்தை ராக்னி மணலில் கற்றுக்கொண்டார்.

நகர்ந்துகொண்டே தொடங்கு!

1918-இல் ராக்னி தலைமைப் பயிற்சியாளர் ஆனார். 1930 வரை அவருடைய அணி 105 ஆட்டங்களில் வென்றது. தோற்றது 12, சமன் 5. ஐந்து பருவங்களில் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவோ சமன் செய்யவோ இல்லை.

அவர் பயன்படுத்திய உத்திகளில் ஒன்று, ஆட்டம் தொடங்கும் கணத்துக்குச் சற்று முன் பின்வரிசை வீரர்கள் சட்டென்று இடம் மாறுவது. இதில் நியூட்டன் ஒளிந்திருக்கிறார். நிறையையும் வேகத்தையும் பெருக்கினால் கிடைப்பது உந்தம். நிற்கும் வீரரின் உந்தம் சுழி. 80 கிலோ எடையுள்ளவர் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஏற்கெனவே நகர்ந்துகொண்டிருந்தால் அவருடைய உந்தம் 160 அலகு. மோதலில் யார் முந்துவார்கள்? எதிரணிகள் புகார் செய்தன. இடம் மாறியபின் ஒரு முழு வினாடி அசையாமல் நிற்க வேண்டும் என்று விதி வந்தது. அந்த ஒரு வினாடி, சேர்த்து வைத்த உந்தத்தைச் சுழியாக்கிவிடும். விதி எழுதியவர்களுக்கும் இயற்பியல் தெரிந்திருந்தது!

பசை விட்டபோது

1931 மார்ச் 31 அன்று ராக்னி ஒரு திரைப்பட வேலைக்காக லாஸ் ஏஞ்சலீஸுக்குப் பறந்தார். கான்சாஸ் மாநிலத்தின் பஸார் என்ற ஊருக்கு அருகே விமானத்தின் இறக்கை வானிலேயே முறிந்தது. விமானத்தில் இருந்த எட்டுப் பேரும் இறந்தார்கள். ராக்னிக்கு வயது 43.

அது ஃபாக்கர் எஃப்-10 வகை விமானம். இறக்கை மரத்தால் ஆனது. மரப் பாகங்களைப் பசை இணைத்திருந்தது. உள்ளே புகுந்த ஈரம் அந்தப் பசையை மெல்ல மெல்ல வலுவிழக்கச் செய்திருந்தது. வெளியே வண்ணம் பூசிய இறக்கை நன்றாகத்தான் தெரிந்தது! புகழ்பெற்ற பயிற்சியாளர் இறந்ததால் நாடே காரணம் கேட்டது. அந்த வகை விமானங்களைப் பறக்கவிடாமல் நிறுத்திச் சோதித்தார்கள். அடுத்த ஆண்டே அந்த விமானத்தை இயக்கிய நிறுவனம் முழுவதும் உலோகத்தாலான விமானம் கேட்டது. அதற்காக உருவான டிசி-1 விமானத்தின் வழியில் 1935-இல் பறந்ததுதான் புகழ்பெற்ற டிசி-3. நம் நாட்டில் அதை டகோட்டா என்பார்கள்.

ராக்னியின் ஆசிரியர் நியூலண்ட் செய்த அசிட்டிலீன் ஆய்வு என்ன ஆயிற்று? அதை அடித்தளமாகக் கொண்டு டூபான்ட் நிறுவன வேதியியலாளர்கள் நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பரை உருவாக்கினார்கள். 1931-இல்தான் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. முக்குளிப்போர் உடை, எண்ணெய்க் குழாய் எனப் பலவற்றில் அது இன்றும் பயன்படுகிறது. ஈரத்தைத் தாங்கும் பசைகளையும் அதிலிருந்து செய்கிறார்கள்!

செய்து பாருங்கள்

பெரியவர் துணையோடு கொஞ்சம் மைதாப் பசை காய்ச்சுங்கள். நான்கு ஐஸ் குச்சிகளை இரண்டு ஜோடிகளாக, ஒன்றின் மேல் ஒன்று 3 செ.மீ. படியும்படி ஒட்டி, இரண்டு நாள் காயவிடுங்கள். ஒரு ஜோடியை ஈரத் துணியில் சுற்றி இரவு முழுவதும் வையுங்கள். இன்னொன்றை அப்படியே வையுங்கள். காலையில் இரண்டையும் இழுத்துப் பாருங்கள். எது முதலில் பிரிகிறது? அடுத்து, கடையில் வாங்கும் வெள்ளைப் பசையால் ஒட்டி இதையே செய்யுங்கள். குச்சி, படியும் நீளம், நேரம் எதையும் மாற்றாமல் பசையை மட்டும் மாற்றுங்கள். இரண்டு விஷயங்களை ஒரே நேரத்தில் மாற்றினால், முடிவு எதனால் வந்தது என்று சொல்ல முடியாது.