வெட்டு, ஒட்டு, மறக்காம சேமி! டிஜிட்டல் கொலாஜ் அழகா வர என்ன பண்ணணும்?

ஒரு வெள்ளைப் பக்கம். நடுவில் கடுகு மஞ்சள் கலரில் குர்தா. பக்கத்தில் ஜீன்ஸ், கீழே ஒரு ஜோடி கோலாப்பூரி செருப்பு, ஓரமாக ஒரு ஜிமிக்கி. ஆள் கிடையாது, முகம் கிடையாது. ஆனாலும் 'யாரோ காலேஜுக்குக் கிளம்பப் போறாங்க' என்று பார்த்ததுமே தோன்றுகிறதா? அதுதான் கொலாஜ். அவுட்ஃபிட் ஐடியா, மூட் போர்டு என்று வேறு வேறு பெயரில் உங்க ஃபீடில் தினமும் வந்து போகிற விஷயம்தான்.

இதையே ஒரு பெரிய ஆன்லைன் உலகமாக மாற்றிக் காட்டிய தளம் ஒன்று இருந்தது. பெயர், பாலிவோர். இப்போ காலேஜில் இருப்பவர்களுக்குப் பெயரே புதுசாக இருக்கலாம். ஆனா, கொலாஜ் பண்ண ஆசைப்படுகிற யாரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை அது.

அமெரிக்காவின் சிலிக்கான் வேலியில், யாஹூவில் வேலை பார்த்த பாஷா சத்ரி 2007-ல் நண்பர்களோடு ஆரம்பித்தது பாலிவோர். வீட்டை அலங்கரிக்கத் திட்டம் போட்டபோது, வெவ்வேறு தளங்களில் பார்த்த ஃபர்னிச்சர் படங்களை ஒரே இடத்தில் ஒட்டிப் பார்க்க ஒரு டூல் தேவைப்பட்டிருக்கிறது. சோபாவுக்காக வந்த ஐடியா, சீக்கிரமே சட்டைக்கும் செருப்புக்கும் தாவிவிட்டது. கூகுள் மேப்ஸில் இருந்த ஜெஸ் லீ, இந்தத் தளத்துக்கு அடிமையாகி, 'இதெல்லாம் சரியில்லை' என்று ஒரு நீளமான மெயில் தட்டினார். 'அப்போ நீங்களே வந்து சரிபண்ணுங்க' என்று கூப்பிட்டுவிட்டார்கள். 2008-ல் சேர்ந்தவர், 2012-ல் அந்தக் கம்பெனிக்கே சி.இ.ஓ! புகார் மெயிலுக்கு இதைவிட நல்ல பதில் இருக்க முடியாது.

எந்தக் கடையின் தளத்தில் இருந்தும் ஒரு பொருளின் படத்தை 'கிளிப்' பண்ணி எடுத்து வரலாம். பின்னணி போய்விடும், பொருள் மட்டும் நிற்கும். அதைக் காலிப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, பெரிசு சின்னதாக்கி, ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினால் ஒரு 'செட்' ரெடி. படத்தில் இருக்கும் பொருளைத் தொட்டால் விலையும் கடையும் தெரியும். அந்தக் கிளிக்குகளில்தான் கம்பெனிக்கு வருமானம். யூஸர்களுக்கோ லைக், கமென்ட், குழுக்கள் நடத்தும் போட்டிகள். 2015-ல் யாஹூ இதை வாங்கியபோது மாதம் சுமார் 2 கோடிப் பேர் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். பெரும்பாலானவர்கள் டிசைன் படிக்காதவர்கள்!

சரி, எப்படிப் பண்றது?

முதலில் ஒரு ஹீரோவை முடிவு பண்ணுங்க. ஒரே ஒரு பொருள். அது ஒரு புடவையாக இருக்கலாம், ஷூவாக இருக்கலாம், மரக் கட்டிலாக இருக்கலாம். மற்றதெல்லாம் அதற்குத் துணை நடிகர்கள். ஆரம்பத்தில் எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான். பிடித்த எல்லாவற்றையும் கொட்டினால், கொலாஜ் ஆடித் தள்ளுபடி விளம்பரம் மாதிரி ஆகிவிடும். ஆறேழு பொருள் தாராளம்.

அடுத்து, கலர். வெளியே தேடாதீங்க, ஹீரோவுக்கு உள்ளேயே தேடுங்க. நீலப் புடவையின் பார்டரில் ஒரு மெல்லிய துருப்பிடித்த ஆரஞ்சு இழை ஓடுகிறதா? அந்த ஆரஞ்சில் ஒரு கைப்பை வையுங்க. கண் தானாகவே இரண்டையும் இணைத்துவிடும். இன்டீரியர் டிசைனர்கள் சொல்லும் 60-30-10 கணக்கு இங்கேயும் உதவும். 60 சதவிகிதம் ஒரு அடிப்படைக் கலர், 30 துணைக் கலர், மீதி 10 பளிச்சென்று ஒன்று. அந்த 10-ஐ 40 ஆக்கினால் கண் கூசும், அவ்வளவுதான்.

பொருளை வெட்டி எடுக்க, ஐபோனில் ஐஓஎஸ் 16-ல் இருந்தே வழி இருக்கு. கேலரியில் படத்தை அழுத்திப் பிடித்தால் பொருள் மட்டும் தனியாகக் கிளம்பி வரும். ஆண்ட்ராய்டில் பின்னணியை நீக்கும் ஆப்கள் நிறைய இருக்கு. சேமிக்கும்போது பி.என்.ஜி ஃபைலாகச் சேமியுங்க. ஜே.பி.ஜி-யில் 'ஒன்றுமில்லாத' பின்னணி என்பதே கிடையாது, வெட்டிய இடத்தில் வெள்ளைக் கட்டம் வந்து உட்கார்ந்துவிடும். வெள்ளைப் பின்னணியில் எடுத்த வெள்ளைச் சட்டை என்றால் உஷார்! துணி எது, சுவர் எது என்று ஆப் குழம்பி, காலரைக் கடித்துவிடும்.

டிரஸ் கொலாஜில் அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. கம்மலை நிஜ அளவைவிடப் பெரிதாக வைத்தால்தான் வேலைப்பாடே தெரியும். மேலே டாப், கீழே செருப்பு என்று உடம்பின் வரிசையை மட்டும் மாற்றாதீங்க. கண் அந்த வரிசையை எதிர்பார்க்கும்.

ரூம் கொலாஜ் அப்படி இல்லை. அங்கே அளவு தப்பினால் எல்லாம் தப்பும். மூன்று பேர் உட்காரும் சோபா ஏறக்குறைய 7 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். உங்க படத்தில் அது 700 பிக்ஸல் என்றால், ஒரு அடிக்கு 100 பிக்ஸல். அப்போ ஒன்றரை அடி டீபாய்க்கு 150 பிக்ஸல்தான். கடைத் தளத்தில் ஒவ்வொரு பொருளுக்குக் கீழேயும் அளவு போட்டிருப்பார்கள், பார்த்துக் கணக்கு போடுங்க. இன்னொன்று, கேமரா கோணம். நேராக எடுத்த சோபாவுக்கு முன்னால் மேலிருந்து எடுத்த டேபிளை வைத்தால், டேபிள் சரிந்து விழப்போவது மாதிரியே இருக்கும். இதை எந்த ஃபில்ட்டராலும் சரிசெய்ய முடியாது. வேறு படம் தேடுவதுதான் வழி. நிழலும் அப்படித்தான். ஒன்றுக்கு இடப் பக்கமும் இன்னொன்றுக்கு வலப் பக்கமும் நிழல் விழுந்தால், ரூமுக்குள் இரண்டு சூரியன்!

கடைசியாக, காலி இடம். மூலையில் கொஞ்சம் வெறுமையாக விடுவதற்குத் தைரியம் வேண்டும். விடுங்க. மொபைலில் பார்ப்பவர்களுக்கு அந்த மூச்சுவிடும் இடம்தான் ஹீரோவைக் காட்டிக்கொடுக்கும். முடித்ததும் படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்க. அப்போதும் ஹீரோ யார் என்று தெரிந்தால் பாஸ்.

5 ஏப்ரல் 2018

பாலிவோர் கதைக்குத் திரும்புவோம். யாஹூவை 2017-ல் வெரைசன் வாங்கியது. அதற்கு அடுத்த வருஷம், பாலிவோர் கனடாவின் மான்ட்ரியலைச் சேர்ந்த எசென்ஸ் என்ற விலையுயர்ந்த ஆடை விற்பனைத் தளத்தின் கைக்குப் போனது. அறிவிப்பு வந்த அன்றைக்கே கதவு மூடிவிட்டது. பழைய முகவரியைத் தட்டினால் எசென்ஸ் கடைதான் வந்து நின்றது. தங்கள் படைப்புகளை டவுன்லோடு பண்ணிக்கொள்ள மே 15 வரை நேரம் கொடுத்தார்கள். ஆனா, புதிதாக ஒரு செட் போட முடியாது, பழைய கமென்ட்டுகளுக்குப் பதில் எழுத முடியாது. பல வருஷம் தினமும் பேசிய தோழியின் யூஸர்நேம் மட்டும்தான் தெரியும் என்றால், அவரை எங்கே போய்த் தேடுவது? கம்பெனியைவிட்டு 2016-லேயே விலகியிருந்த ஜெஸ் லீயே யூஸர்களிடம் வருத்தம் தெரிவித்தார்.

பாதிப் பேர் பயந்தது படங்களுக்காக இல்லை, ஆட்களுக்காக. அதில் நியாயம் இருக்கு. படத்தை மறுபடி செய்துவிடலாம்.

பாலிவோர் போனதும் அதன் யூஸர்கள் யுஆர்ஸ்டைல், ஷாப்லுக் மாதிரியான தளங்களுக்குக் கிளம்பினார்கள். 2022-ல் பின்ட்ரெஸ்ட் கம்பெனி கொலாஜுக்கென்றே ஷஃபிள்ஸ் என்ற ஆப்பைக் கொண்டுவந்தது. கடைகள் மாறிக்கொண்டேதான் இருக்கும். அதனால் எந்த ஆப்பில் செய்தாலும், முடிந்த படம், வெட்டி எடுத்த பி.என்.ஜி-கள், கலர் கோடுகள், பொருள்களின் லிங்க்குகள் எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டராக உங்க போனிலும் டிரைவிலும் போட்டு வையுங்க. அடுத்தவர் எடுத்த படத்தை வைத்துச் செய்த கொலாஜை டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்பது வேறு கதை, அதற்கு அனுமதி வேண்டும். புது ஆப்பில் கணக்கு தொடங்கினால் முதல் வேலையாக செட்டிங்ஸில் 'எக்ஸ்போர்ட்' இருக்கிறதா என்று பாருங்க. அங்கே கிடைத்த தோழியிடம் மெயில் ஐடியும் கேட்டு வாங்கிடுங்க!