முத்திரையைச் சுற்றியுள்ள உலோகம்

பினாங்கு துறைமுகத்தை ஒட்டிய கார்ன்வாலிஸ் கோட்டையில் ‘ஸ்ரீ ரம்பாய்’ என்ற வெண்கலப் பீரங்கி இருக்கிறது. அதன் பின்வளையத்தில் டச்சு வார்ப்பாளர் யான் பர்கர்ஹைசின் பெயரும் 1603 என்ற ஆண்டும் உள்ளன. குழல்மேல் சோடி சோடியாகச் சிங்கங்கள். சிங்கங்களுக்கும் டால்பின் வடிவக் கைப்பிடிகளுக்கும் இடையே வெள்ளி பதித்த ஜாவானிய எழுத்து. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1605இல் இதை ஜொகூர் சுல்தானுக்குக் கொடுத்தது. 1613இல் அச்சே படை கவர்ந்து சென்றது. அங்கிருந்து 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிலாங்கூருக்குப் போனது. 1871இல் ஆங்கிலேயர் பறிமுதல் செய்து பினாங்குக்குக் கொண்டுவந்தார்கள்.

வெள்ளி எழுத்து டச்சுப் பட்டறையின் வேலையல்ல. அதற்காக அதைப் போலி என்று யாரும் சொல்வதில்லை. பழைய ஆயுதங்களை ஆராய்பவர் ஒவ்வொரு குறியிடமும் இரண்டு கேள்விகள் கேட்கிறார். யார் பொறித்தது? எப்போது பொறித்தது? விடையைக் குறியின் வாசகம் மட்டும் தந்துவிடாது. அதைச் சுற்றியுள்ள உலோகம்தான் பெரும்பாலும் தருகிறது.

படைத் துப்பாக்கிகளுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். 1941 டிசம்பரில் ஜப்பானியர் பினாங்கைப் பிடித்தார்கள். 1945 செப்டம்பர் 3ஆம் தேதி பிரிட்டிஷ் மரீன்கள் மீண்டும் கரையிறங்கினார்கள். அந்தப் போரில் எதிரெதிரே நின்றவை இரண்டு துப்பாக்கிகள்: பிரிட்டிஷ், இந்தியச் சிப்பாய்களின் லீ-என்ஃபீல்டு, ஜப்பானியரின் அரிசாக்கா. இரண்டின் உடலிலும் குறிகள் ஏராளம்.

லீ-என்ஃபீல்டில் தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் ‘போல்ட்’ என்ற தண்டின் கைப்பிடிக்குக் கீழே, பிடியைச் சுற்றிய உலோக வளையத்தில், முடிச் சின்னம், மன்னர் பெயரின் முதலெழுத்துகள், ஆலையின் பெயர், ஆண்டு, துப்பாக்கியின் வகை ஆகியவை வரிசையாக இருக்கும். அரசுடைமையைக் காட்டும் அம்புக்குறியும் சோதனை முத்திரைகளும் வேறு இடங்களில் இருக்கும். தொடர் எண் குழலிலும் போல்ட்டிலும் தனித்தனியே பொறிக்கப்பட்டிருக்கும்.

முதல் சோதனைக்கு வரலாறு தெரிந்தால் போதும். கைபர் கணவாய்ப் பகுதியின் சிறு பட்டறைகளில் கையால் செய்யப்பட்ட நகல்களில், விக்டோரியா அரசியின் முதலெழுத்துகளும் அவர் மறைவுக்குப் பிந்திய ஆண்டும் சேர்ந்தே இருப்பதுண்டு. அவர் மறைந்தது 1901 ஜனவரியில். குறுங்குழல் லீ-என்ஃபீல்டின் மூன்றாம் வகை வந்ததோ 1907இல். ஆங்கில எழுத்து திரும்பி நிற்பதும், ஆலையின் பெயர் பிழையோடு இருப்பதும் அந்தப் பட்டறைகளின் அடையாளங்கள். வங்காளத்தின் இஷாப்பூர் ஆலையில் செய்த துப்பாக்கிகளுக்கும் இப்படி ஒரு காலவரிசை உண்டு. இந்தியா குடியரசான பிறகு அங்கே முடியின் இடத்துக்கு அசோகச் சிங்கங்கள் வந்தன.

வாசகம் சரியாக இருந்தால் அடுத்து உருப்பெருக்கியை எடுக்க வேண்டும். எஃகு அச்சை வைத்துச் சம்மட்டியால் அடிக்கும்போது உலோகம் வெட்டப்படுவதில்லை, ஒதுங்குகிறது. ஈரமணலில் குதிகாலை அழுத்தினால் சுற்றிலும் கரை எழும்புவதுபோல், எழுத்தின் ஓரத்தில் மெல்லிய விளிம்பு எழும்பும். சுழலும் வெட்டுக்கருவியால் செதுக்கினால் பள்ளத்தின் அடியில் கருவி ஓடிய கோடுகள் தெரியும். எழுத்து முனைகள் உருண்டிருக்கும். லேசரால் பொறித்தால் ஓரம் உருகி உறைந்திருக்கும். 1917ஆம் ஆண்டுக் குறியில் லேசர் தடம் தெரிந்தால் ஆராய்ச்சி அங்கேயே முடிந்தது.

மூன்றாவது சோதனை மேற்பூச்சு. துருவைத் தடுக்க எஃகுக்குக் கருநீல மெருகு ஏற்றுவார்கள். ஆலை முத்திரைகளில் பெரும்பாலானவை மெருகுக்கு முன்பே அடிக்கப்பட்டவை. ஆகவே பள்ளத்துக்குள்ளும் அந்த நிறம் இருக்கும். மெருகுக்குப் பிறகு அடித்திருந்தால் ஓரத்தில் வெள்ளை உலோகம் மின்னும். பின்னாளில் யாராவது தேய்த்து மறுமெருகு ஏற்றியிருந்தால் நிறம் ஒரே சீராகிவிடும், ஆனால் எழுத்தின் கூர்மை மழுங்கியிருக்கும்.

இங்கே அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. படையின் ஆயுதப் பட்டறைகளில் போல்ட்டை மாற்றும்போது பழைய எண்ணைக் கோடிட்டு அடித்துப் புதிய எண்ணைப் பொறிப்பது வழக்கம். அந்தக் குறி ஆலையில் பிறந்ததல்ல, ஆனால் முழுக்க உண்மையானது. அரிசாக்காவில் போல்ட்டைத் தாங்கும் ‘ரிசீவர்’ என்ற உலோக உடலின்மேல் பேரரசரின் பதினாறு இதழ்ச் செவ்வந்தி இருக்கும். சரணடைந்தபோது ஒப்படைக்கப்பட்ட துப்பாக்கிகள் பலவற்றில் அது அராவி எடுக்கப்பட்டது. பூ இல்லாத அந்தத் தேய்ந்த இடம் 1945இன் ஆவணம். விலையைக் கூட்ட அதே இடத்தில் புதுப் பூவைப் பொறித்தால் அந்த ஆவணம் அழிகிறது. ஆனாலும் சுற்றுப்பரப்பைவிடப் பூவின் தளம் சற்றே தாழ்ந்திருப்பது செய்தவரைக் காட்டிக்கொடுக்கும்.

அராவிய பின்னும் உலோகம் மறப்பதில்லை. அச்சின் அடி, கண்ணுக்குத் தெரியும் பள்ளத்துக்குக் கீழேயும் எஃகின் நுண்மணிகளைச் சிதைத்திருக்கும். கியூப்ரிக் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலைத் தடவினால், சிதைந்த பகுதி மற்றதிலிருந்து வேறுபட்ட வேகத்தில் அரிக்கப்பட்டு, அழித்த எண் மேலே எழும். குற்றவாளிகள் அழித்த எண்களை மீட்கத் தடயவியலார் கையாளும் முறை இது. பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்களும் எஃகிலும் அலுமினியத்திலும் இதை ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள்.  அமிலம் மேற்பரப்பைக் கெடுக்கும் என்பதால் அருங்காட்சியகப் பொருளுக்குக் காந்தத்துகள் முறையை முதலில் முயல்வது நல்லது. இரும்பைக் காந்தமாக்கி நுண்துகள்களைத் தூவினால், சிதைந்த இடங்களில் அவை திரளும். பரப்புக்குச் சேதம் இல்லை.

இந்தச் சோதனைகள் எல்லாவற்றுக்கும் தேவை, தொடப்படாத பரப்பு. பரணில் பழைய துப்பாக்கி ஏதேனும் கிடைத்தால் பலரும் முதலில் தேடுவது உப்புத்தாளைத்தான். அப்படித் தேய்க்கும்போது விளிம்பு, மெருகு, துருவின் அடுக்கு எல்லாம் போய்விடுகின்றன. ஆழமாகத் தேய்த்தால் அமிலத்துக்கும் காந்தத்துக்கும்கூட எதுவும் மிஞ்சாது. மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். ஆகவே அதைக் கையில் எடுக்காமல் காவல்துறைக்குத் தெரிவிப்பதே முறை. கோட்டைகளையும் அருங்காட்சியகங்களையும் பராமரிப்போரிடம் கேட்பதும் இதுதான்: பளபளப்புக்காக ஆயுதங்களைத் தேய்க்காதீர்கள். தப்பாகப் படித்த முத்திரையை இன்னொருவர் நாளை திருத்திப் படிக்கலாம். தேய்த்துத் தீர்த்த முத்திரையை எந்த ஆய்வகமும் மீட்டுத் தர முடியாது.