கறுப்பினப் பெண்களின் உளநலமும் கூட்டுச் செயற்பாடும்

எது உளநோய் என ஒரு சமூகம் கொள்கிறது என்பதை, அச்சமூகத்தின் உற்பத்தி உறவுகளினின்றும் பிரித்து நோக்குதல் இயலாது. 1851இல் ஐக்கிய அமெரிக்காவின் தென்மாநில வைத்தியரான சாமுவேல் காட்ரைட், அடிமைகள் தப்பியோடுவதையே ஓர் உளநோயென வகுத்துப் பெயருஞ் சூட்டினார்.

1865இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்த பின்னரும், கறுப்பினப் பெண்கள் பலர் பிறர் வீடுகளிலும் வயல்களிலும் குறைந்த கூலிக்கு உழைத்தனர். 'எதையும் தாங்குபவள்' என்ற படிமம் இவ்வுழைப்பை நியாயப்படுத்திய கருத்துநிலையாகும். புகழ்ச்சியாகத் தோன்றும் அது, துயரை எடுத்துரைக்கும் உரிமையை அவளுக்கு மறுத்தது. 1979இல் மிஷெல் வாலஸ் தமது நூலில் இக்கட்டுக்கதையை விமர்சித்தார்.

1983இல் பில்லி ஏவரி முதலானோர், கறுப்பினப் பெண்களின் நலன் பற்றிய தேசிய மாநாடொன்றை அத்லாந்தாவின் ஸ்பெல்மன் கல்லூரியில் கூட்டினர். அவ்வியக்கத்தின் அடித்தளமாக அமைந்தவை சுயஉதவிக் குழுக்களே. அவற்றில் பெண்கள் வன்முறை, வறுமை, மனச்சோர்வு ஆகியன பற்றித் தம்முள் மனந்திறந்து பேசினர். தனியொருத்தியின் குறையெனக் கருதப்பட்டது பலர்க்கும் பொதுவானதெனத் தெளிவுற்றபோது, துயர் சமூக அறிவாக மாறிற்று. நாம் சிறப்பாக மனங்கொள்ள வேண்டியது இம்மாற்றத்தையே.

1988இல், புற்றுநோயுடன் போராடிய கவிஞர் ஓட்ரி லோர்ட், தன்னைப் பேணுதலை அரசியற் செயலாகக் கண்டார். இன்றோ 'சுயபராமரிப்பு' சந்தைப் பண்டமாகியுள்ளது. உளவளத்துணை வேண்டாமென நாம் வாதிடவில்லை. தம் வாழ்வை விளங்கிக்கொள்ளும் கறுப்பின ஆலோசகரைக் கண்டடைய உதவும் முயற்சிகள் பயனுடையனவே. எனினும், கட்டணமும் ஓய்வுநேரமும் அற்ற உழைக்கும் பெண்ணுக்கு அவை எட்டாதிருக்கும்வரை, உளநலம் ஒரு வர்க்கச் சலுகையாகவே நின்றுவிடும். ஆகவே, ஆறுதலளிக்கும் பணி, கூலிக்கும் மருத்துவ உரிமைக்குமான போராட்டத்துடன் இணைதல் வேண்டும்.