குறியீடற்ற ஆர்.என்.ஏ.வும் புற்றுநோய்ப் பரவலும்

சாத்தூர்த் தீப்பெட்டி ஆலையின் மேற்பார்வையாளர் தம் கையால் ஒரு குச்சியும் செய்வதில்லை. ஆயினும், எந்த வேலை எப்போது நடக்க வேண்டும் என்பதை அவரே முடிவு செய்கிறார். நம் உடலின் செல்களிலும் இத்தகைய மேற்பார்வையாளர்கள் உண்டு. டி.என்.ஏ.விலிருந்து படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ.க்களுள் சில, புரதம் உருவாக்குவதற்கான குறிப்பைச் சுமந்து செல்கின்றன. அக்குறிப்பு இல்லாதவை ‘குறியீடற்ற ஆர்.என்.ஏ.க்கள்’ எனப்படும். இவை புரதமாக மாறாமலேயே மரபணுக்களின் செயலை நெறிப்படுத்துகின்றன.

அந்நெறி பிறழ்ந்தால் என்ன நேரும் என்பதை ஆண்களுக்கு வரும் புரோஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய் காட்டுகிறது. இந்நோய் சிலரிடம் சுரப்பிக்குள்ளேயே பல்லாண்டுகள் அடங்கிக் கிடக்கும்; சிலரிடம் எலும்புவரை பரவி உயிரைப் பறிக்கும். இவ்வேறுபாட்டை ஆராய்ந்த மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அருள் சின்னையன் குழுவினர், ‘ஷ்லாப்-1’ என்னும் நீண்ட குறியீடற்ற ஆர்.என்.ஏ.வின் பங்கை 2013இல் வெளியிட்டனர். டி.என்.ஏ.வின் சுற்றுகளை மாற்றியமைக்கும் புரதத் தொகுதி ஒன்று, கட்டி வளராமல் காவல் காக்கிறது. ஷ்லாப்-1 மிகும்போது அக்காவல் தளர்கிறது; புற்றுசெல்கள் அண்டைத் திசுக்களுக்குள் ஊடுருவுகின்றன. ஆய்வில் ஷ்லாப்-1இன் அளவைக் குறைத்தபோது, அவற்றின் ஊடுருவும் ஆற்றலும் குறைந்தது.

குறியீடற்ற ஆர்.என்.ஏ.க்கள் அனைத்தும் பகையல்ல. ‘மைக்ரோ ஆர்.என்.ஏ.-34ஏ’ பரவலைத் தடுக்கும் இயல்புடையது. சிறுநீரில் வெளிப்படும் ‘பி.சி.ஏ.-3’, திசுச் சோதனையை மீண்டும் செய்ய வேண்டுமா என முடிவெடுக்க உதவுகிறது.

யாருடைய நோய் பரவும் என்பதை முன்கூட்டியே அறிய முடிந்தால், அடங்கிய நோயுடையோர் தேவையற்ற அறுவை மருத்துவத்திலிருந்து தப்புவர்; பரவும் நோயுடையோர் காலத்தே காக்கப்படுவர்.