பல்லுக்கும் உண்டு குருத்து!

"பல் போனால் சொல் போச்சு" என்பார்கள். பாட்டன்மாரின் பொக்கை வாயைப் பார்த்துப் பிறந்த பழமொழி. எட்டு வயதுச் சிறுவனுக்கு முன்பல் போனால்? சொல் மட்டுமா போகும்? சிரிப்பும் போகும், பட்டப்பெயரும் வந்து சேரும்!

திண்டுக்கல் மலைக்கோட்டை அடிவாரத்திலே ஓடுகிற பிள்ளை, ஒட்டன்சத்திரம் சந்தையிலே மூட்டைகளுக்கிடையே தாவுகிற பிள்ளை, தடுக்கி விழுகிறான். முன்பல் உடைகிறது. "போகட்டும், முளைக்கும்" என்கிறார் தந்தை. முளைக்காது, தோழரே! ஏழெட்டு வயதில் முளைத்த முன்பல் பால்பல் அல்ல; அதுபோனால் வேறில்லை.

வெளியே முழுப்பல்லாகத் தெரிந்தாலும் உள்ளே அது பிஞ்சு. வேர் முற்ற மேலும் ஏறத்தாழ 3 ஆண்டு வேண்டும். அதற்குள் உள்ளிருக்கும் உயிர்ச்சதை செத்தால் வேர் வளர்ச்சி நிற்கும். சுவர் மெலிந்து, அடி திறந்து கிடக்கும். பின்னொருநாள் சிறு இடியிலும் முறியும்.

"பிடுங்கி எறி" என்பாரும் உண்டு. நாம் கேட்கிறோம்: சாவி தொலைந்ததென்று பூட்டைக் குப்பையிலே வீசுவானா திண்டுக்கல் பூட்டுத் தொழிலாளி?

சுண்ணாம்புச் சத்துள்ள மருந்தை மாதக்கணக்கில் வைத்து வேரின் அடியை மூடுவது பழைய முறை. அடி மூடும்; சுவர் தடிக்காது. புதுவழிக்கு விதை போட்டவர் நார்வே நாட்டு நைகார்ட் ஓஸ்ட்பி. பல்லுக்குள் உறையும் குருதி என்ன செய்யும் என்று அவர் ஆராய்ந்து எழுதியது 1961இல். 2001இல் ஜப்பானிய மருத்துவர்கள் செத்த பிஞ்சுப்பல்லின் வேர் மீண்டும் வளர்ந்ததை அறிவித்தனர். 2004இல் அமெரிக்காவில் முறை வகுக்கப்பட்டது.

முறை இதுதான்: வேர்க்குழலைக் கழுவிக் கிருமி ஒழிப்பார்கள், மருந்து வைத்துச் சில வாரம் காத்திருப்பார்கள், பிறகு வேரடியைத் தூண்டி உள்ளே குருதி ஊறி உறையச் செய்து, மேலே அடைப்பார்கள். வேரடியிலே குருத்தணுக்கள் உண்டென்று 2006இல் கண்டறிந்தார்கள். அவை உறைந்த குருதியைப் பற்றி வளர்கின்றன. தென்னையின் உயிர் உச்சிக் குருத்திலே. பிஞ்சுப்பல்லின் உயிர் அடிக்குருத்திலே!

மாயமந்திரம் என்று நாம் சொல்லவில்லை. உள்ளே வளர்வது பெரும்பாலும் பழைய சதையல்ல, எலும்பு போன்ற திசு. எல்லாப் பல்லும் தேறுவதில்லை; சில நிறம் மாறும். ஆண்டுக்கணக்கில் பார்த்துவர வேண்டும்.

அங்கேதான் ஏழைக்கு இடி! வலி நின்றதும், ஒருநாள் கூலி போகுமே என்று அடுத்த தவணைக்குப் போவதில்லை. குற்றம் தந்தையுடையதா? கூலியைப் பறிக்கும் ஏற்பாட்டினுடையதா?

சென்னையிலே அரசு பல் மருத்துவப் படிப்பு 1953இல் தொடங்கியது. திண்டுக்கல்லிலே அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் வந்தது. கல்லூரி வந்தால் போதுமா? இந்தச் சிகிச்சையும் பட்டறைத் தொழிலாளியின் பிள்ளைக்குக் கட்டணமின்றி, விடுமுறை நாளிலும் கிடைக்க வேண்டும்.

அதுவரை, கிளைதோறும் இதைச் சொல்லுங்கள்: அடிபட்ட பல் கறுத்தாலும், ஈறில் கொப்புளம் கண்டாலும் உடனே பல் மருத்துவரிடம் செல்க. நிலைப்பல் முழுதாய்ப் பிடுங்கி வந்தால் வேரைத் தொடாமல் எடுத்து, பாலில் இட்டு, ஒருமணி நேரத்துக்குள் ஓடுக!

மாளிகைப் பிள்ளைக்கும் மண்குடிசைப் பிள்ளைக்கும் பல்லின் வேர் ஒன்றே. வைத்தியமும் ஒன்றாகட்டும்!