மானைக் குற்றம் சொல்லாதீர்கள்

பாடகர் ஜஸ்டின் டிம்பர்லேக் தனக்கு லைம் நோய் என்று 2025-ல் அறிவித்ததும், மான் உண்ணி பரப்பும் மர்ம நோய் என்ற பேச்சு மறுபடி கிளம்பியது. மர்மமும் இல்லை, மான் மேல் தப்பும் இல்லை. உண்ணிகளுக்குச் சாப்பாடு போடுவதோடு மானின் பங்கு முடிந்தது; அதன் ரத்தத்தில் லைம் நோயைத் தரும் பொரேலியா பாக்டீரியா பிழைக்காது. முட்டையிலிருந்து வரும் உண்ணிக் குஞ்சிடமும் இந்தக் கிருமி இருப்பதில்லை. முதல் தீனியாக எலியையோ பறவையையோ கடிக்கும்போதுதான் தொற்றிக்கொள்கிறது.

வரலாறு சுருக்கமாக: 1975-ல் அமெரிக்காவின் ஓல்டு லைம் பகுதியில் குழந்தைகளுக்கு மூட்டு வீக்கம், 1981-ல் வில்லி பர்க்டார்ஃபர் உண்ணியின் குடலில் சுருள் வடிவக் கிருமியைக் கண்டார். ராணுவம் தயாரித்த ஆயுதம் என்ற வதந்தியால், 2019-ல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை விசாரணையே கேட்டது. இந்தக் கிருமி வட அமெரிக்காவில் குறைந்தது 60,000 ஆண்டுகளாக இருப்பதை 2017-லேயே மரபணு ஆய்வு காட்டிவிட்டது.

சுவாரசியம் வேறிடத்தில் இருக்கிறது. இந்தக் குடும்பத்தில் 20-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ஐரோப்பாவில் ஒரே காடு, ஒரே வகை உண்ணி. ஆனாலும் அஃப்செலி இனம் எலிகளிடமும், கரினி இனம் பறவைகளிடமும் வாழ்கின்றன. பிரித்துவைப்பது ரத்தத்திலுள்ள ‘காம்ப்ளிமென்ட்’ புரதங்கள். அந்நியச் செல்லைக் கண்டால் ஓட்டை போட்டுக் கொல்லும் கூட்டம் அது. சொந்தச் செல்களை அது தாக்காதபடி தடுக்க, உடல் ‘ஃபேக்டர் எச்’ என்ற புரதத்தை வைத்திருக்கிறது.

கல்யாண மண்டப வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். அழைப்பில்லாமல் வந்த அஃப்செலி, எலி வீட்டுப் பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நுழைகிறது. அந்தப் பெரியப்பாதான் ஃபேக்டர் எச். ‘நம்ம ஆளு’ என்று காம்ப்ளிமென்ட் காவலர்கள் விட்டுவிடுகிறார்கள். அது நேராகப் பந்திக்குப் போய்விடுகிறது. பறவை வீட்டுக் கல்யாணத்தில் அதற்குப் பெரியப்பா யாரும் கிடையாது, வாசலிலேயே அடி. எலி வீட்டில் கரினிக்கும் அதே கதி. கலிபோர்னியாவின் வேலிப் பல்லி வீட்டிலோ காவலர்கள், ஆளை ஏற்றிவந்த வேனுக்குள்ளேயே புகுந்து தீர்த்துவிடுகிறார்கள். பல்லியின் ரத்தத்தை உறிஞ்சிய உண்ணியின் குடலிலேயே கிருமிகள் செத்துப்போகின்றன.

உடனே ‘லைம் நோயை ஒழிக்கும் பல்லி’ என்று கொண்டாடிவிட வேண்டாம். கலிபோர்னியாவில் சில இடங்களில் பல்லிகளை அகற்றிப் பார்த்தார்கள். 2011-ல் வெளியான முடிவின்படி, அடுத்த ஆண்டு கிருமியுள்ள இளம் உண்ணிகள் குறைந்தன. பல்லி இல்லாததால் பெரும்பாலான குஞ்சுகளுக்குத் தீனியே கிடைக்கவில்லை. மருந்தாகத் தெரிந்த பல்லிதான் உண்ணிகளின் அன்னதானச் சத்திரமும்கூட.

ஆகவே ஒரு விலங்கை ஒழித்தால் நோய் ஒழியும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அமெரிக்கக் காடுகளில் நடப்பவர்களுக்குப் பயன்படும் செய்தி ஒன்றுதான்: உண்ணி ஒட்டியவுடன் கிருமி இறங்கிவிடுவதில்லை, பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஆகும். வீடு திரும்பியதும் உடம்பைப் பாருங்கள். இளம் உண்ணி 2 மில்லிமீட்டர்கூட இருக்காது. கண்டால் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக இழுத்து எடுங்கள்.