தானியங்கியும் தன்னறிவும்

விமானத்தை வானில் தாங்குவது, இறக்கைகளைத் தழுவிச் செல்லும் காற்றாகும். எதிர்வரும் காற்றுக்கும் இறக்கைக்கும் இடையிலுள்ள கோணம் மிகுந்தால் தூக்குவிசையும் மிகும். ஓர் எல்லையைக் கடந்தாலோ, காற்று இறக்கையின் மேற்பரப்பை விட்டு விலகிக் குலையும், தூக்குவிசை சரியும். இந்நிலையை விமானவியலார் ‘ஸ்டால்’ என்பர். எஞ்சின் நின்றுபோவதே ஸ்டால் என்று கருதுவோர் உளர், அது பிழை. எஞ்சின்கள் முழு ஆற்றலுடன் இயங்கும்போதும் அது நேரலாம். மூக்கைத் தாழ்த்திக் கோணத்தைக் குறைப்பதே அதற்கு மருந்து. ஆயின், விழும்போது மேலே இழுக்கத் துடிப்பது மனித இயல்பு. அவ்வியல்பை வெல்லப் பயிற்சி வேண்டும்.

ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிசு நோக்கிச் சென்ற ஏர் பிரான்ஸ் 447 விமானம், 2009 ஜூன் 1ஆம் நாள் 228 பேருடன் அட்லாண்டிக் பெருங்கடலில் வீழ்ந்தது. வேகத்தை அளக்க உதவும் பிட்டோ குழாய்களைப் பனிப்படிகங்கள் அடைத்தன. வேக அளவுகள் முரண்படவே, தானியங்கி விலகிக்கொண்டது. ஸ்டால் நேராவண்ணம் தடுக்கும் கணினிக் காப்பும் உடன் நீங்கியது. துணை விமானி கட்டுப்பாட்டுப் பிடியைப் பின்னுக்கு இழுத்தார். 35,000 அடி உயரத்தில் இருந்த விமானம் ஏறத்தாழ 38,000 அடிக்கு ஏறி, வேகமிழந்து, ஸ்டால் நிலையை அடைந்தது. எச்சரிக்கை ஒலி 54 நொடிகள் இடைவிடாது முழங்கிற்று. பின்னர், வேக அளவு மிகவும் தாழ்ந்தமையால் அதனைக் கணினி ஏற்க மறுக்க, ஒலி அடங்கியது. மூக்கைத் தாழ்த்தியபோதோ மீண்டும் எழுந்தது! சரியான செயலே தவறெனத் தோன்றிய விபரீதம் இது. ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் வேக அளவுகள் சீரடைந்தும், தானியங்கி விலகிய நாலரை நிமிடத்திற்குள் அனைத்தும் முடிந்தது.

மாண்ட விமானிகளைப் பழிப்பது எளிது. ஆனால், பேருயரத்தில் கையால் விமானத்தை இயக்கும் பயிற்சி அவர்களுக்கு அளிக்கப்படவில்லை என 2012இல் வெளியான பிரெஞ்சு விசாரணை அறிக்கை சுட்டியது. 2013இல் அமெரிக்கா, முழு ஸ்டாலிலிருந்து மீளும் பயிற்சியை விமான நிறுவனங்களின் விமானிகளுக்குக் கட்டாயமாக்கி விதி வகுத்தது. பாவனைக் கருவிகளில் அப்பயிற்சி இன்று நடைபெறுகிறது.

எந்திரம் பிழையின்றி உழைக்கும் நாள்களிலேயே மனிதனின் கைத்திறன் மங்குகிறது. கணினியின் துணையோடு கற்கும் மாணவர்க்கும் இது பொருந்தும். கருவி கைவிடும் அந்த ஒரு நிமிடத்திற்காகவே அடிப்படை அறிவைப் பழக்கத்தில் வைத்திருத்தல் வேண்டும்.